மறுமொழி தரும் உத்திரம்: ஆபகூக் 2:11இல் வரும் ‘காபீஸ்’ என்னும் சொல்லின் வரலாறு

ஆபகூக்கின் நூல் மூன்று அதிகாரங்களும் 56 வசனங்களும் மட்டுமே கொண்டது. எனினும் அதன் 2:4ஆம் வசனம் புதிய ஏற்பாட்டில் மூன்று இடங்களில் எடுத்தாளப்படுகின்றது (ரோமர் 1:17; கலா. 3:11, எபி. 10:38). சீர்திருத்தத் திருச்சபையின் விசுவாசக் கோட்பாடு அவ்வசனத்தின்மேல் எழுந்தது என்று கூறினாலும் மிகையாகாது. அவ்வொளியில் நின்று பழகிய நம் கண்களுக்கு, அதற்கு ஏழு வசனங்கள் அப்பால் நிற்கும் 2:11 பெரும்பாலும் தென்படுவதில்லை. அநியாயமாய்க் கட்டப்பட்ட வீட்டின் சுவரிலிருந்து ஒரு கல் முறையிடுகின்றது. அவ்வீட்டின் மரவேலையிலிருந்து ஒரு மரம் அதற்கு மறுமொழி தருகின்றது. இதுவே அவ்வசனத்தின் பொருள்.

கல்லைப் பற்றி ஐயமில்லை. மறுமொழி தரும் மரம் எது? எபிரேய மூலத்தில் அது ‘காபீஸ்’ எனப்படுகின்றது. தச்சரின் பட்டறையிலிருந்து தீர்க்கதரிசியின் வாய்க்கு வந்த இச்சொல் பழைய ஏற்பாடு முழுவதிலும் இவ்வோரிடத்தில் மட்டுமே வருகின்றது. ஒரே முறை வரும் சொல்லின் பொருளைத் துணிவது எளிதன்று. ஏறத்தாழ இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளாக மொழிபெயர்ப்பாளர் இதனோடு போராடி வந்துள்ளனர். அப்போராட்டத்தின் வரலாற்றை அறிவது வெறும் சொல்லாராய்ச்சியன்று. வசனத்தின் கூர்மையையே அது நமக்கு மீட்டுத் தருகின்றது.

1. யூதாவின் சுவரும் கூரையும்

முதலில் அக்காலத்துக் கட்டட முறையைச் சற்றே நினைவுகூர்வோம். யூதாவின் சாதாரண வீட்டுக்குக் கூரை சாய்வானதன்று, தட்டையானது. ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு மரங்களைக் குறுக்கே கிடத்தி, அவற்றின்மேல் கிளைகளையும் நாணலையும் நெருக்கமாய்ப் பரப்பி, அதன்மேல் களிமண்ணைப் பூசி இறுக்குவர். மாற்கு 2:4இல் நால்வர் கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்கியது இத்தகைய கூரையிலேயே. ஏழையின் கூரைக்குக் காட்டத்தி மரமே உதவியது. கேதுருவோ லீபனோனிலிருந்து வரவேண்டிய விலையுயர்ந்த மரம். காட்டத்தி மரங்கள் வெட்டுண்டால் கேதுருவை வைப்போம் என்று வடநாட்டார் வீம்பு பேசியதை ஏசாயா 9:10 குறிக்கின்றது. குறுக்கே கிடத்தும் மரத்தின் நீளமே அறையின் அகலத்தை வரையறுத்தது. ஆகவே அகன்ற மண்டபம் விரும்பிய அரசனுக்குக் கேதுரு இன்றியமையாததாயிற்று.

மரத்துக்கு மற்றொரு பணியும் இருந்தது. கற்சுவரின் வரிசைகளுக்கு இடையிலும் மரங்களைப் படுக்க வைத்துக் கட்டும் வழக்கம் அந்நாடுகளில் இருந்தது. சாலொமோன் கட்டிய ஆலயத்தின் உட்பிராகாரம் மூன்று வரிசை வெட்டின கற்களாலும் ஒரு வரிசை கேதுரு மரங்களாலும் ஆனது (1 இராஜா. 6:36). இதே முறை எஸ்றா 6:4இலும் கூறப்பட்டுள்ளது. வட சீரியாவின் கடலோரத்து உகாரித் நகர அரண்மனையிலும் கற்சுவரினிடையே மரம் வைத்துக் கட்டிய அடையாளங்கள் கிடைத்துள்ளன. சுவரை ஒன்றாய்ப் பிணைப்பதும், நிலம் அதிரும்போது அது பிளவாதபடி தாங்குவதும் இம்மரங்களின் வேலை. கட்டடத்தோடு சேர்த்துப் பிணைக்கப்பட்ட மரம் அதிர்ச்சியினால் கழன்றுபோகாது என்னும் உவமையைத் தள்ளுபடி ஆகமங்களுள் ஒன்றாகிய சீராக்கின் ஞானநூலும் கையாளுகின்றது (22:16).

கூரையின் குறுக்கு மரத்துக்கு எபிரேயத்தில் ‘கோரா’ என்னும் பொதுச்சொல் உண்டு. யோர்தானண்டையில் தீர்க்கதரிசிகளின் புத்திரர் வெட்டச் சென்ற மரங்கள் (2 இராஜா. 6:2), உன்னதப்பாட்டு 1:17இல் வரும் கேதுரு மரங்கள் ஆகியவை இச்சொல்லாலேயே குறிக்கப்படுகின்றன. எல்லாரும் அறிந்த இச்சொல்லை விடுத்து ஆபகூக் ‘காபீஸ்’ என்றது ஏன் என்பதே நம் வினா. இதற்கு உறவான சீரிய வினைச்சொல் பிணைத்தல், இணைத்தல் என்னும் பொருள் தருவது கருதத்தக்கது.

2. மொழிபெயர்ப்பாளர் கண்ட காபீஸ்

கிறிஸ்துவுக்கு முன்னர் எழுந்த எழுபதின்மர் கிரேக்க மொழிபெயர்ப்பில் இவ்விடத்தில் மரத்துக்குப் பதிலாக ஒரு வண்டு வருகின்றது. மரத்திலிருந்து வண்டு பேசும் என்பது அதன் வாசகம். எபிரேயத் தச்சுச் சொல் மொழிபெயர்ப்பாளருக்கு எட்டவில்லை என்றே தோன்றுகின்றது. ஆயினும் இப்பிழை தனக்கென ஒரு வரலாற்றைத் தேடிக்கொண்டது. நான்காம் நூற்றாண்டில் மிலான் நகரப் பேராயராயிருந்த அம்புரோஸ், லூக்கா சுவிசேஷத்துக்கு எழுதிய விளக்கவுரையில், மரத்திலிருந்து கூவிய நல்ல வண்டு சிலுவை மரத்தில் தொங்கிய கிறிஸ்துவே என்று பொருள் விரித்தார். பக்தி மிக்க விளக்கமே. ஆனால் ஆபகூக்கின் வீடும், அதைக் கட்டினவனின் குற்றமும் அதில் மறைந்துபோயின. மூலச்சொல்லை அறியாமையால் பிறக்கும் பக்தியுரை எவ்வளவு இனிமையாயினும், தீர்க்கதரிசியின் கண்டனத்தை அது மழுக்கிவிடக்கூடும் என்பதற்கு இது தக்க சான்று.

எபிரேயத்தை நேரே கற்ற ஜெரோம் வண்டை அகற்றினார். கட்டடத்தின் இணைப்புகளுக்கு இடையிலுள்ள மரம் என்று அவர் இலத்தீனில் பெயர்த்தார். தமக்கு முன்னே கிரேக்கத்தில் பெயர்த்த சிம்மாக்கு இதனை ‘கட்டடத்தின் மரப்பிணைப்பு’ என்று தெளிவாக்கியிருந்ததை ஜெரோம் தம் உரையில் எடுத்துக் கூறுகின்றார். தியோதோத்தியோனும் பிணைப்பு என்னும் பொருளிலேயே பெயர்த்தார். இவ்விருவரின் சாட்சி பழமையானது; புறக்கணிக்கத்தக்கதன்று.

யூத மரபில் வேறொரு பொருளும் வழங்கியது. கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில், அயலார் இருவர் தங்களுக்கிடையே பொதுச்சுவர் எழுப்பும் சட்டம் கூறப்படும் இடத்தில் ‘கெபீஸீன்’ என்னும் பன்மைச்சொல் வருகின்றது (பாபா பத்ரா 1:1). அச்சுவருக்கு இருவரும் தத்தம் பக்கத்தில் இரண்டு கைப்பிடி அகலம் இடம் விடவேண்டும். முழுச் செங்கற் சுவருக்கோ ஒன்றரை போதும். தல்மூது இச்சொல்லை அரைச் செங்கல் என விளக்குகின்றது. மரமா, செங்கலா என்பதில் மரபுகள் வேறுபட்டாலும், சுவரின் உடலுக்குள் அமைந்து அதை ஆக்கும் ஓர் உறுப்பு என்பதில் ஒன்றுபடுகின்றன. ஆபகூக்கோ மரத்திலிருந்து என்று வெளிப்படையாய்ச் சொல்வதனால், அவ்வசனத்தில் மரவுறுப்பே பொருந்தும்.

பின்வந்தோருள் லூத்தர் குறிப்பிடத்தக்கவர். தம் 1545ஆம் ஆண்டு ஜெர்மானிய வேதாகமத்தில் அவர் ‘கெஷ்பெர்’ என்னும் தச்சுச் சொல்லை வழங்கினார். பனி வழிந்தோடும்படி செங்குத்தாய் எழும் ஜெர்மானியக் கூரையில், எதிரெதிரே சாய்ந்து உச்சியில் கூடும் கைமரச் சட்டத்தை அது குறிக்கும். யூதாவின் தட்டைக் கூரையில் கிடந்த மரம் இவ்வாறு ஜெர்மானியக் கூரையின்மேல் ஏறிற்று. 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமமோ வசனத்தில் உத்திரம் என்னும் பொதுச்சொல்லை வைத்து, ஓரக்குறிப்பில் பிணைப்பு என்னும் பொருளையும் காட்டியது.

3. தமிழ் வேதாகமத்தில்

நம் தமிழ் மொழிபெயர்ப்பின் சொற்களும் ஆராயத்தக்கவை. பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னை வேப்பேரியில் உழைத்த பப்ரிசியுஸ் இட்ட அடித்தளத்தின்மேல் பலர் கட்டினர். 1871இல் பவர் ஐயர் குழுவினர் வெளியிட்ட மொழிபெயர்ப்பே நம் சபைகளில் வேரூன்றியது. அதில் இவ்வசனத்துக்கு ‘உத்திரம்’, ‘மச்சு’ என்னும் இரு சொற்கள் வழங்குகின்றன. இரண்டும் நம் நாட்டு வீடுகளில் பிறந்த சொற்கள். இரு சுவர்களின்மேல் குறுக்கே கிடந்து பாரம் தாங்குவது உத்திரம். அதன்மேல் பலகை பாவி அமைப்பது மச்சு. எபிரேயத்தில் வெறுமனே ‘மரம்’ என்று நிற்கும் இடத்தில் ‘மச்சு’ என்றது, கேட்போர் தம் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்க்கும்படி செய்த நல்ல தெரிவேயாகும்.

இதில் ஒரு பேறும் ஓர் இழப்பும் உண்டு. இழப்பு, பிணைப்பு என்னும் பொருள் மறைந்தது. பேறு, வினைச்சொல்லில் உள்ளது. உத்திரம் மறுமொழி சொல்வதாக மட்டும் அன்றி, சாட்சியிடுவதாகத் தமிழர் வாசிக்கின்றனர். இது மிகையன்று. மூலத்திலுள்ள ‘ஆநா’ என்னும் வினை மறுமொழி சொல்லுதலையும், நியாயசபையில் சாட்சி கூறுதலையும் ஒருங்கே குறிக்கும். பொய்ச்சாட்சி சொல்லாதே என்னும் கற்பனையில் வருவதும் இதே வினைதான் (யாத். 20:16). ஒரே சாட்சியின் வாக்கினால் எவனையும் குற்றவாளியாகத் தீர்க்கலாகாது, இரண்டு அல்லது மூன்று சாட்சிகள் வேண்டும் என்பது நியாயப்பிரமாணம் (உபா. 19:15). கல் ஒன்று, உத்திரம் ஒன்று, சாட்சிகள் இருவர். சட்டம் நிறைவேறிற்று.

4. எவனுடைய வீடு?

இவ்வீடு எவனுடையது? 2:6இன்படி இச்சாபக் கூற்றுகளைக் கூறுபவர் கொள்ளையிடப்பட்ட ஜாதியார். எனவே குற்றவாளி பாபிலோன் என்பது வெளிப்படை. நேபுகாத்நேச்சார் லெபனான் நாட்டின் வாடி பிரிசாவில் வெட்டுவித்த கல்வெட்டில், மலைகளைப் பிளந்து கேதுருக்களுக்கு வழி அமைத்ததாகவும், தன் கைகளாலேயே அவற்றை வெட்டியதாகவும் பெருமை பேசுகின்றான். பாபிலோனின் கோயில்களும் அரண்மனைகளும் அக்கேதுருக்களால் கூரையிடப்பட்டன. லீபனோனுக்குச் செய்த கொடுமை அவனையே மூடும் என்று ஆபகூக் 2:17 கூறுவது இதனோடு இசைகின்றது. பாபிலோன் ராஜா விழுந்தபோது லீபனோனின் மரங்களே மகிழ்ந்ததாக ஏசாயா 14:8 காட்டுகின்றது.

ஆயினும் எருசலேமில் இதைக் கேட்டவர்களுக்கு வேறொரு வீடும் கண்முன் நின்றிருக்கும். கி.மு. 609 முதல் 598 வரை ஆண்ட யோயாக்கீம், பார்வோன் நேகோவுக்குச் செலுத்த வேண்டிய நூறு தாலந்து வெள்ளியையும் ஒரு தாலந்து பொன்னையும் ஜனத்தின்மேல் வரியாகச் சுமத்தியவன் (2 இராஜா. 23:33-35). அந்நாட்களிலேயே அவன் தனக்கு விசாலமான மாளிகை எழுப்பி, கேதுருப் பலகைகளால் மச்சுப்பாவி, சாதிலிங்கவருணம் பூசினான், வேலை செய்தவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை (எரே. 22:13-14). எருசலேமுக்கும் பெத்லகேமுக்கும் இடையிலுள்ள ராமாத் ராகேலில் 1954இலும் 1959 முதல் 1962 வரையிலும் அகழ்ந்த யோகனான் அகரோனி, அங்குக் கிடைத்த அரண்மனையை யோயாக்கீமுடையது எனக் கருதினார். பின்னை ஆய்வுகள் அக்கருத்தை ஐயுறுகின்றன. இடம் எதுவாயினும், எரேமியாவின் கண்டனம் ஐயத்துக்கு இடமற்றது. யோசியா சிறுமையும் எளிமையுமானவனுடைய நியாயத்தை விசாரித்தான். தேவனை அறிதல் என்பது அதுவே என்று எரேமியா முடிக்கின்றார் (22:16).

இன்னும் ஒரு படி மேலே செல்லவேண்டும். தேவாலயத்தின் உத்திரங்கள் எவ்வாறு வந்தன? சாலொமோன் முப்பதினாயிரம் பேரை அமஞ்சி ஆட்களாகப் பிடித்து, மாதம் பதினாயிரம் பேராக லீபனோனுக்கு அனுப்பினான், எழுபதினாயிரம் பேர் சுமை சுமந்தனர், எண்பதினாயிரம் பேர் மலையில் கல் வெட்டினர் (1 இராஜா. 5:13-15). அவன் மகனிடம் ஜனங்கள் வந்து பாரமான நுகத்தைக் குறித்து முறையிட்டனர். செவிகொடாத அரசன் பகுதி விசாரிப்புக்காரனாகிய அதோராமை அனுப்பியபோது, இஸ்ரவேலர் அவனைக் கல்லெறிந்து கொன்றனர் (1 இராஜா. 12:4, 18). கற்கள் அன்றே மறுமொழி கொடுத்துவிட்டன எனலாம்.

இவ்வசனம் தேவாலயத்தாருக்கும் உரியது என்று உணர்ந்தோர் பண்டைக்காலத்திலேயே இருந்தனர். 1947இல் கும்ரான் முதற்குகையில் கண்டெடுக்கப்பட்ட சுருள்களுள் ஆபகூக்கின் விளக்கவுரையும் ஒன்று. நம் வசனத்துக்கு அது தரும் விளக்கம் சுருக்கமானது: அதன் கற்கள் ஒடுக்குதலாலும், அதன் மரங்களின் காபீஸ் கொள்ளையாலும் ஆனவை. குற்றவாளியைக் குறிக்கும் சொல் சுருளில் சிதைந்துள்ளது. அறிஞர் பலர் அதனை ‘ஆசாரியன்’ என்று நிரப்புகின்றனர். கல்தேயனை நோக்கி எறியப்பட்ட கல் ஆசாரியனின் வாசலில் வந்து விழுந்தது. அதே குகையின் நன்றிப்பாடல் சுருளிலோ, தேவன் தம் ஆலோசனையைக் கன்மலையின்மேல் வைத்து, காபீஸை நியாயத்தின் நூலுக்கும் சத்தியத்தின் தூக்குநூலுக்கும் இசைய அமைப்பதாகப் பாடுகின்றனர். கொள்ளையால் வந்த காபீஸும் உண்டு. நியாயநூலுக்கு இசைந்த காபீஸும் உண்டு.

5. கூக்குரலும் மறுமொழியும்

இப்போது ஆபகூக்கின் நூலை முழுமையாய் நோக்குவோம். 1:2இல் தீர்க்கதரிசி கொடுமையினிமித்தம் தேவனை நோக்கிக் கூப்பிடுகின்றார். அங்குள்ள வினை ‘ஸாஅக்’. எகிப்தில் அடிமைகளாயிருந்த இஸ்ரவேலர் முறையிட்டதும் இவ்வினையே (யாத். 2:23). கேட்பார் இல்லை என்பது ஆபகூக்கின் புலம்பல். 2:2இல் கர்த்தர் அவருக்கு மறுமொழி கொடுக்கின்றார். அங்குள்ள வினை ‘ஆநா’. 2:11க்கு வருவோம். கல் ‘ஸாஅக்’ செய்கின்றது. காபீஸ் ‘ஆநா’ செய்கின்றது. தீர்க்கதரிசியின் கூக்குரலைக் கல் ஏற்றுக்கொண்டது. தேவனுடைய மறுமொழியின் வினை உத்திரத்துக்கு வழங்கப்பட்டது. காவற்கோபுரத்தில் காத்து நின்றவர் தனியாயில்லை. ஒடுக்கினவன் தன் பாதுகாப்புக்காகக் கட்டிய வீடே அவருடைய பக்கத்தில் நின்று பேசுகின்றது.

2:18-19 இதனை மேலும் கூர்மையாக்குகின்றது. விழித்தெழு என்று மரத்திடமும், எழும்பு என்று ஊமையான கல்லிடமும் சொல்லுகிறவனுக்கு ஐயோ! மரமும் கல்லும் இங்கே மறுபடியும் வருகின்றன. பேசவேண்டும் என்று மனிதன் வேண்டிக்கொள்ளும் மரமும் கல்லும் பேசுவதில்லை; பேசாதிருக்கும் என்று அவன் நம்பிய மரமும் கல்லும் பேசிவிடுகின்றன.

தீர்க்கதரிசி ‘கோரா’வை விடுத்துக் ‘காபீஸ்’ என்றது ஏன் என்பதும் இங்கே விளங்குகின்றது. வெளியே தெரியும் உத்திரத்துக்கு வர்ணம் பூசலாம்; பொன் தகடு வேயலாம். பிணைப்பு மரமோ கட்டடத்தின் உள்ளுறுப்பு. கட்டினவனும் தச்சனும் மட்டுமே அது இருக்குமிடம் அறிவர். அதைப் பிடுங்கினால் வீடு பிளவுபடும். அநீதி ஒரு வீட்டின் அலங்காரத்தில் இல்லை. அதைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்பில் உள்ளது. ஆகவேதான் அதைத் துடைத்து அகற்ற இயலாது. பேசவிடாமல் தடுக்கவும் இயலாது.

6. நமக்கு

யாக்கோபு தம் நிருபத்தில், அறுப்பறுத்தவர்களுக்குக் கொடாமல் அபகரித்த கூலி கூக்குரலிடுகின்றது என்கின்றார் (5:4). ஆபகூக்கின் கல்லும் யாக்கோபின் கூலியும் ஒரே குரலில் பேசுகின்றன. புதிய ஆலயங்களையும் சபை மண்டபங்களையும் பிரதிஷ்டை செய்யும் நாளில் நாம் தெரிந்துகொள்ளும் வேதபாடம் பெரும்பாலும் சாலொமோனின் ஜெபமே. ஆபகூக் 2:11ஐ அந்நாளில் வாசிப்பார் அரிது. வாசிக்கத் துணியும் போதகர் முதலில் கட்டடக் கணக்கைப் பார்த்தல் நலம். நன்கொடையாளர் பெயர் பொறித்த கல் வாசலில் இருக்கின்றது. கொத்தருக்கும் தச்சருக்கும் சித்தாளுக்கும் கூலி நிறைவாய்க் கொடுபட்டதா என்னும் கணக்கோ சுவருக்குள் இருக்கின்றது. நன்கொடை எவ்வழியில் வந்தது என்பதும் அங்கேயே இருக்கின்றது.

ஒரு கடைசிக் குறிப்பு. மலைப்பிரசங்கத்தில் சகோதரன் கண்ணிலுள்ள துரும்பைப் பார்ப்பவனின் சொந்தக் கண்ணில் இருப்பதும், தமிழ் வேதாகமத்தில் ‘உத்திரம்’ என்றே வழங்குகின்றது (மத். 7:3). மூலமொழிகளில் இவ்விரு சொற்களுக்கும் உறவில்லை. இவ்வொற்றுமை தமிழ் வாசகருக்கு மட்டுமே கேட்பது. இதன்மேல் கோட்பாடு எதையும் கட்டலாகாது. எனினும் யோயாக்கீமின் மாளிகையையும் பாபிலோனின் கோயிலையும் சுட்டிக்காட்டிப் பிரசங்கிக்க எழும் நமக்கு இது தக்க எச்சரிப்பாகும். நாம் நிற்கும் பிரசங்கபீடத்துக்கு மேலேயும் உத்திரம் உண்டு.

கர்த்தர் தம்முடைய பரிசுத்த ஆலயத்தில் இருக்கின்றார், பூமியெல்லாம் மௌனமாயிருக்கக்கடவது என்பது அவ்வதிகாரத்தின் முடிவு (2:20). நாம் அதனை ஆராதனையின் தொடக்கத்தில் அடிக்கடி கூறுகின்றோம். கல்லும் உத்திரமும் தங்கள் சாட்சியைச் சொல்லி முடித்தபின் வரும் மௌனம் அது என்பதை மறவாதிருப்போமாக. அது ஓய்வின் மௌனமன்று. சாட்சிகளின் வாக்குமூலம் முடிந்து, நியாயாதிபதியின் தீர்ப்புக்காகச் சபை காத்திருக்கும் மௌனம்.